மைக்குக்கு முன்னால் உனக்குக் கொடுத்த இடம்

இன்றைக்கு மத்தியானம் பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில், அந்தப் பல் டாக்டர் கிளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உன் கைப்பை வாசனை அடித்தது. கிராம்பு. உள்ளே யாருக்கோ பல் அடைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "அம்மா, கதவ மூடிட்டு உள்ள வாங்க, ஏசி போவுது" என்றாள். எனக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு ஏசி.

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம். செத்தவர்கள் படத்துக்கு முன்னால் நின்று பேசுகிறவர்களைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும்தான். அதனால் பேசாமல் எழுதுகிறேன். முட்டி வலிக்கிறது. வாயில் பாதி மரத்துப்போயிருக்கிறது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற தெருவெல்லாம் சுற்றி ராயப்பேட்டைக்கு வந்து சேருவதற்குள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன். இவ்வளவு ஓய்ந்துபோன நேரத்தில் பொய் சொல்லத் தெம்பு இருக்காது. இப்போது எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

உன் கைப்பையில் கிடந்த அந்தக் கிராம்பு டப்பாவை உனக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான், ஞாபகம் இருக்கிறதா? தி.நகர் பாத்திரக் கடையில், உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் டப்பா. "தொண்டைக்கு நல்லதுடி, டப்பிங்குக்கு முன்னாடி ரெண்டு வாயில போட்டுக்கோ" என்று சொன்னேன். நீ அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். "என் தொண்டைய பத்தி கவலப்பட நீ ஒருத்தியாவது கீறியே" என்றாய். அது தொண்டைக்காக இல்லை. அதைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

நம் தொழில் என்னவென்று கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் புரியாது. படத்தில் சந்தை வந்தால் அந்தச் சந்தை இரைச்சல் நாம்தான். கல்யாண வீட்டுச் சளசளப்பு நாம்தான். எழவு வீட்டு ஒப்பாரியும் நாம்தான். கோடம்பாக்கத்தில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் எட்டுப் பத்துப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நின்றுகொண்டு, திரையில் யாரோ வாயசைக்க, நாம் கத்துவோம். முப்பது வருஷம் கத்தினோம். அதில் நீ மட்டும் கூட்டக் குரலிலிருந்து மேலே ஏறி, சீரியலில் மாமியாருக்குத் தனிக்குரல் கொடுக்கிற அளவுக்குப் போனாய்.

சைதாப்பேட்டையில் ரயில் ஏறி வந்து, "இன்னாடி, காலீலயே மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவாய். ஒலிப்பதிவு தொடங்குகிற சிவப்பு விளக்கு எரியும். அதே வாயிலிருந்து, "மருமகளே, இந்தக் குடும்பத்தின் கௌரவம் உன் கையில்தான் இருக்கிறது" என்று நூறு ஏக்கர் நிலம் உள்ள வீட்டம்மா பேசுவாள். விளக்கு அணைந்ததும், "ஒரு டீ சொல்லுடி, தல வலிக்குது" என்று மறுபடியும் நீ. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை தரம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

ஈறில் ரத்தம் எப்போது ஆரம்பித்தது என்று பின்னால் டாக்டர் உன்னைக் கேட்டபோது நீ "தெரியல" என்றாய். எனக்குத் தெரியும். கோடம்பாக்கம் ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே கொய்யாப்பழம் விற்கிற அம்மாவிடம் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். கீறி மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தாள். நீ கடித்த இடத்தில், வெள்ளைச் சதையில், சிவப்பாக ஒரு கோடு. மிளகாய்த்தூள் பட்ட இடம் வேறு, அந்தக் கோடு வேறு. நான் பார்ப்பதை நீ பார்த்தாய். "மொளகாத்தூளுடி" என்று சொல்லிப் பழத்தைத் திருப்பி அடுத்த பக்கம் கடித்தாய். அங்கேயும் கோடு. நான் என் பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் நீயாகவே சொன்னாய், பல் தேய்த்தால் நுரை சிவப்பாக வருகிறது என்று. "ரத்தம் வர்ற எடத்துல பிரஷ்ஷ வெச்சா இன்னும் தான கிழியும்? நான் அந்தப் பக்கம் போறதில்ல. வெரல்ல பல்பொடி வெச்சு ஒரு இழுப்பு, முடிஞ்சுது" என்றாய். கேட்டபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது. புண் இருக்கிற இடத்தைத் தொடக்கூடாது என்றுதானே நாம் வளர்ந்தோம். அது புண் ஆனதே சரியாகத் தேய்க்காததால்தான் என்று டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது ரொம்பக் காலம் கழித்து.

சைதாப்பேட்டையில் உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம் போட்டார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் மகள் உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கீழ்ப்பல்லின் உள்பக்கம் முழுக்கக் காரை கட்டி, பல்லுக்குப் பல் சந்தே இல்லாமல் சுவர் மாதிரி இருந்ததாம். டாக்டர் இரண்டு பல்லுக்கு மட்டும் சுத்தம் பண்ணியிருக்கிறார். நாக்கை வைத்துப் பார்த்தால் இடையில் சந்து. 'ஸ' சொல்லிப் பார்த்தால் காற்று. அவ்வளவுதான், நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்துவிட்டாய். திங்கட்கிழமை காலை என்னை ஸ்டுடியோ மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போய், "கேளுடி, ஒயுங்கா கேட்டு சொல்லு" என்றாய். 'சரஸ்வதி, சாஸ்திரம், சம்சாரம்' என்று வரிசையாகச் சொன்னாய்.

லேசாக விசில் வந்தது. இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம், அல்லது வந்தால் வரட்டும், முழுக்கச் சுத்தம் பண்ணிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "ஆமாண்டி, காத்து போவுது. மாமியார் குரல் நடுவுல மாறினா சேனல்காரன் ஒத்துக்குவானா? இப்ப கை வெக்காத. சீரியல் முடியட்டும்." முப்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் சொன்னால் நீ நம்பாமல் இருப்பாயா? நம்பினாய். வேறு எந்தத் தொழிலில் இருப்பவளாவது பல்லில் காரை இருந்தால்தான் பேச்சு சுத்தமாக வரும் என்று நினைப்பாளா? நாம் நினைத்தோம்.

சீரியல் முடியவில்லை. உனக்கே தெரியும். மாமியார் கார் விபத்தில் செத்தாள், ஞாபகம் தப்பிப் பிழைத்து வந்தாள், மறுபடியும் மாடிப்படியில் உருண்டாள், மறுபடியும் வந்தாள். "இவ சாவமாட்டாடி, நான்தான் சாவணும்" என்று சிரிப்பாய். சிரிக்கும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாய். முன்பல் நீண்டுகொண்டு வந்தது. "வயசானா காது வளரும்னு சொல்வாங்க, பல்லுமா வளரும்?" என்று கேட்டாய். டீயை ஆற வைத்துக் குடித்தாய். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பொறி கலங்குகிறது என்றாய். முன்பல் இரண்டுக்கும் நடுவில் அரிசி நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்தது.

வாடை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

இதை எழுதக் கை வரவில்லை. வேர்க்கடலை வாங்கி வந்து தின்று, இடது பக்கம் மெல்ல முடியாமல் பாதியில் வைத்துவிட்டு, மறுபடியும் உட்காருகிறேன். ஆமாம், உன் வாய் நாறியது. முதலில் மூடிய அறைக்குள் மட்டும். பிறகு பக்கத்தில் வந்து பேசினாலே. நம் குழுவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகிற பாஸ்கர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "யக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவங்க பக்கத்துல நிக்க முடியல. பசங்க எல்லாம் சொல்றானுங்க. நீங்கதான் அவங்களுக்கு க்ளோஸு, நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்" என்றான்.

சொல்கிறேன் என்றேன். அன்றைக்குச் சாயந்திரம் உன்னோடு ரயில் நிலையம் வரைக்கும் நடந்து வந்தேன். வாயைத் திறந்தேன். நீ உன் மகள் அடையாறில் வீடு பார்த்திருக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய், முகமெல்லாம் சந்தோஷம். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். மறுநாள் உனக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாரக் கடைசியில் பாத்திரக் கடைக்குப் போய் டப்பா வாங்கி, கிராம்பு போட்டு, தொண்டைக்கு என்று கொடுத்தேன். பக்குவமாகச் சொல்லிவிட்டதாக பாஸ்கரிடம் ஒரு பொய்.

கிராம்பு ஒரு வாரம் தாங்கியது. பிறகு வாடையும் கிராம்பும் சேர்ந்து வந்தது, அது இன்னும் மோசம். பாஸ்கர் என்னை ஒரு பார்வை பார்த்தான், அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த கூட்டக் குரலுக்கு எல்லோரும் நின்றபோது, "யக்கா, நீங்க முன்னாடி வாங்க, மைக்குகிட்ட நில்லுங்க. உங்க வாய்ஸ்தான் மெய்ன்" என்று உன்னிடம் சொன்னான். முன்னால் நின்றால் உன் மூச்சு மைக்கைப் பார்த்துப் போகும், மற்றவர்கள் உன் முதுகுக்குப் பின்னால். எல்லோருக்கும் புரிந்தது. உனக்குப் புரியவில்லை.

அன்றைக்கு ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததும் நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். "பாத்தியாடி? முன்னாடி நிக்க வெச்சான். இத்தினி வருசம் கயிச்சு இப்பனாச்சும் இவனுங்களுக்கு மரியாத தெரிஞ்சுதே" என்றாய். கண் கலங்கியிருந்தது. உன் வீட்டில்கூடச் சொன்னாய் போலிருக்கிறது, அடுத்த நாள் உன் மகள் எனக்கு போன் பண்ணி, "சித்தி, அம்மாவ லீட் ஆக்கிட்டாங்களாமே" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். அடிப்பாவி என்று நீ என்னைத் திட்டினால் தகும்.

மூன்று வருஷம் நீ முன்னால் நின்றாய். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பேன். தோழிக்காக நிற்கிறோம் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு. மூக்கை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் சீரியலில் ஒலிப்பதிவு பார்க்கிற இன்ஜினியர் 'ஒன் மோர், ஒன் மோர்' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பல் நகர்ந்து நகர்ந்து நீ பயந்த காற்று தானாகவே வந்துவிட்டது. ஒரு காட்சிக்குப் பதினான்கு டேக். பதினைந்தாவதுக்கு நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாய். அடுத்த வாரத்திலிருந்து மாமியாருக்கு வேறு குரல். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா என்றுகூடத் தெரியாது. எந்தக் குரலைக் காப்பாற்ற நீ நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்தாயோ அந்தக் குரல் அப்படிப் போயிற்று.

அப்புறம் அந்த ஒப்பாரி. கிராமத்துப் பெரியவர் செத்துக் கிடக்கிறார், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். நீ முன்னால், நான் பக்கத்தில். "என்ன பெத்த மகராசா" என்று நீ எடுத்தால் மற்றவர்களுக்கு மயிர் கூச்செறியும். பாதியில் சட்டென்று கையை வாயில் வைத்தாய். மூடிய கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் அழுதாய். நன்றாகவே அழுதாய், டேக் ஓகே ஆயிற்று. விளக்கு அணைந்ததும் கையைப் பிரித்துக் காட்டினாய். கீழ்ப்பல் ஒன்று, வேரோடு. முழுசாக, நீளமாக.

"வலிக்கவே இல்லடி. பேர்த்துகினு வந்துடுச்சு" என்றாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஒரு சொத்த கீதா பாரு. எவ்ளோ நல்லா கீது. ஏன் வுழுந்துச்சு?"

அதற்குப் பதில், இன்றைக்கு நான் போய் வந்த இதே கிளினிக்கில்தான் கிடைத்தது. உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தவள் நான். வாய் முழுக்க ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, அந்த லேடி டாக்டர் பேனா முனையால் காட்டினார். "பல்லுல தப்பே இல்லம்மா. இது பாருங்க, வேர். வேரைச் சுத்தி எலும்பு இங்க வரைக்கும் இருக்கணும். உங்களுக்கு இங்க இருக்கு" என்று பேனாவைக் கீழே, கீழே, வேரின் நுனிக்கே கொண்டுபோனார். காரை முதலில் ஈறு ஓரத்தில் கட்டுமாம். ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகி, பை மாதிரி ஆகுமாம். அந்தப் பைக்குள் அழுக்கு இறங்கி, வேரோடு வேராகக் காரை கட்டி, வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுமாம். பல் வளரவில்லை, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்ததைத்தான் நீ வளர்ந்ததாக நினைத்தாய். குளிர்ந்த தண்ணீர் பொறி கலங்க வைத்தது அந்த வேரில் பட்டுத்தான். வாடை, அந்தப் பைக்குள்ளிருந்து.

"தெருவுல தோண்டிப் போட்டிருக்காங்களே, அங்க சாஞ்சு நிக்கிற கம்பம் மாதிரி. கம்பம் நல்லாத்தான் இருக்கு, மண்ணு போயிடுச்சு" என்றார் டாக்டர். உனக்குச் சர்க்கரை இருந்தது அதை இன்னும் வேகமாக்கிவிட்டது என்றும், ஈறு இப்படி இருந்தால் சர்க்கரையும் அடங்காது என்றும் சொன்னார். நீ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இது எத்தினி வருசமா நடந்துகினு கீது, டாக்டர்?" என்று கேட்டாய்.

"ஏழெட்டு வருஷம் இருக்கும்மா. வலிக்காது, அதான் பிரச்சினை. ரத்தம் வரும், வாடை வரும். வாடை நமக்கே தெரியாது, கூட இருக்கிறவங்கதான் சொல்லணும். யாரும் சொல்லலையா?"

நான் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் பல் பொம்மையைப் பார்த்தேன்.

கிளினிக் முதல் மாடியில். இறங்குகிற படியில் நடுவில் ஒரு திருப்பம், ஜன்னல் வழியாகக் கீழே துணிக்கடை போர்டு தெரியும். அங்கே நின்றுவிட்டாய். பாஸ்கர், முன்னால் நில்லுங்கள் என்றது, எட்டுப் பேர் பின்னால் நகர்ந்தது, எல்லாம் உன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததை நான் பார்த்தேன். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சின்னக் குரலில், மைக்குக்கே கேட்காத குரலில் கேட்டாய்.

"உனக்குத் தெரியுமாடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் சைனஸ் ஆச்சே, ஒரு வாசனையும் தெரியாது" என்றேன்.

எனக்கு சைனஸ் இல்லை என்று உனக்குத் தெரியும். என் வீட்டில் ரசம் கொதித்தால் நான்கு வீடு தள்ளி நின்று பெருங்காயம் தூக்கல் என்று சொல்கிறவள் நான். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். "சரி வா, வெயிலாவுது" என்று முன்னால் இறங்கிப்போனாய். அதற்குப் பிறகு அதைப்பற்றி நீ பேசவே இல்லை. பேசியிருக்கலாம்.

பதினோரு பல் எடுத்தார்கள். பல் செட் போட்டார்கள். 'ட' சொல்லும்போது மைக்கில் டொக் என்று சத்தம். "என் வாய்க்குள்ள யாரோ செருப்பு போட்டு நடக்கறாங்கடி" என்று நீயே கேலி செய்தாய், எல்லோரும் சிரித்தோம். வாடை போய்விட்டது. மறுபடியும் கூட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆயிற்று. ஆனால் நீ வரிசையின் கடைசியில் போய் நின்றாய், சுவரை ஒட்டி. யாராவது பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாய். பாஸ்கர் எத்தனை கூப்பிட்டும் முன்னால் வரவில்லை. எடுப்புக் குரல் இல்லாத ஒப்பாரி எப்படி இருக்கும்? எங்களுக்கு வந்த ஒப்பாரிகளும் குறைந்துபோயின.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலை நீ எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். நம் குழு மொத்தமும் சைதாப்பேட்டைக்கு வந்தோம். எத்தனையோ எழவு வீட்டுக்குக் கூலிக்கு அழுதவர்கள், உன் வாசலில் நின்று ஒருத்தருக்கும் சத்தம் வரவில்லை. உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "சித்தி, அம்மா பையில இருந்தது" என்று அந்த டப்பாவைக் கையில் வைத்தாள். பாதிக் கிராம்பு இருந்தது. செட் போட்ட பிறகும், வாடை போன பிறகும், நீ அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

இனி போன புதன்கிழமைக்கு வருகிறேன். மீன் மார்க்கெட் காட்சி. நொச்சிக்குப்பத்திலிருந்து செல்வி என்று ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள், அவள் அம்மா நிஜமாகவே மீன் விற்கிறவள். விலை கூவினால் ஸ்டுடியோ அதிரும். எல்லோரும் அரைவட்டமாக நின்றோம். விளக்கு எரிவதற்கு முன்னால் அவள் சொன்னாள்.

"யக்கா, நீங்க முன்னாடி நில்லுங்க. மைக்குகிட்ட."

 திரும்பிப் பார்த்தேன். பாஸ்கர் கூரையைப் பார்த்தான். மற்றவர்கள் அரை அடி பின்னால் போயிருந்தார்கள். எனக்கும் காலையில் பல் தேய்க்கும்போது நுரை சிவந்திருப்பது ஆறேழு மாதமாக நடக்கிறது. வயசு என்று தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். உன்னைப் பார்த்தும், உன் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தும், நான் அப்படித்தான் கழுவிவிட்டேன், தெரியுமா? மனுஷியா நான்?

"செல்வி, நேரா சொல்லு. என் வாய் நாறுதா?" என்று கேட்டேன்.

 கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இன்ஜினியர்கூட எட்டிப் பார்த்தார்.  "ஆமாக்கா. ஒரு ரெண்டு மாசமா கீது. சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு முன்னாடி நிக்க சொன்னேன். மன்னிச்சுக்கோங்கக்கா" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்படி நீ, நல்லா இருப்ப" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வந்து முழுசாக மூன்று மாதம் ஆகாத ஒருத்திக்கு, கேட்டவுடன் சொல்ல முடிந்தது.

இன்றைக்கு டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை அதே வெளிச்சத்தில் வைத்தார். அவருக்கும் வயதாகியிருக்கிறது. "கீழ்ப்பக்கம் கொஞ்சம் கரைஞ்சிருக்கு. போன எலும்பு திரும்ப வளராதும்மா. ஆனா வேரை இன்னும் பிடிச்சுகிட்டுதான் இருக்கு. இப்ப வந்துட்டீங்க, காப்பாத்திடலாம்" என்றார். ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் போய் ஒரு பக்கம் மட்டும் சுரண்டினார். சத்தம் மண்டைக்குள் கேட்டது. வாய் கொப்பளிக்கச் சொன்னார். கிண்ணத்தில் மணல் மாதிரி விழுந்தது. நாக்கை வைத்துப் பார்த்தேன், சந்து. 'சரஸ்வதி' என்று சொல்லிப் பார்த்தேன். விசில். டாக்டர் சிரித்தார். "ரத்தம் வந்தாலும் விடாம மெதுவா தேய்ங்க. ஈறு இறுகினதும் நாக்கு பழகிடும்மா, ரெண்டு வாரம்" என்றார்.

இரண்டு வாரம். நான் உன்னைச் சீரியல் முடியட்டும் என்று காக்க வைத்தது இந்த இரண்டு வாரத்துக்குப் பயந்து.

படி இறங்கும்போது அந்தத் திருப்பம் வந்தது. துணிக்கடை போர்டை மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஏறி வந்த ஒரு ஆள், "இன்னாம்மா, தல சுத்துதா? ஒக்காருங்க" என்றார். ஒன்றுமில்லை என்றேன். என் பைக்குள் உன் டப்பா இருந்தது. நீ போனதிலிருந்து எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நீ அங்கே நின்று கேட்டாயே. நான் பொய் சொன்னது உனக்குத் தெரிந்தே நீ இறங்கிப்போனாய். என்னை விட்டுக்கொடுக்காமல் போனாயா, வெறுத்துப் போனாயா என்று தெரியாமல் நான் கிடக்கிறேன். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் நீ கேட்டதற்கு உனக்குப் பதில் வர வேண்டும். பாதி மரத்த வாயோடு அந்தப் படியில் நின்று, காற்றுப் போகப் போகச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன்.

தெரியும்டி. அந்தக் கொய்யாப்பழத்திலிருந்தே தெரியும்.